நூற்றிருபத்தைந்து மீற்றர் கூடக்குறைய

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பொலிசிடம் போய்ச் சொன்னது நான்தான். எவனோ என் தம்பியைக் காட்டிக்கொடுத்துவிட்டான் என்று பிறகு ஒழுங்கை முழுவதும் கதைத்தார்கள். எவனுமில்லை. அவனுடைய சொந்த அக்கா, படிவம் நிரப்புவதில் கொழும்பு வெள்ளவத்தையிலேயே கெட்டிக்காரி என்று பெயரெடுத்த இந்தச் சிவக்கொழுந்துதான்.

அது 2007ஆம் ஆண்டு. ஒரு தமிழ் வீட்டில் யார் படுக்கிறார்கள், யார் எழும்புகிறார்கள், எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எப்போது போவார்கள் எல்லாவற்றையும் பொலிசில் பதிய வேண்டிய யுத்த காலம். எங்கள் ஒழுங்கையில் பதினேழு வீடு. பதினேழுக்கும் நான்தான் எழுதிக் கொடுத்தேன். முப்பது வருடம் கப்பல் கம்பனி ஒன்றில் டைப்பிஸ்டாக இருந்தவள் நான். படிவத்தில் ஒரு கட்டம் வெறுமையாகக் கிடந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. நான் எழுதிய படிவம் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அந்தத் திமிர் எனக்கு இருந்தது, இல்லையென்று பொய் சொல்லமாட்டேன்.

தம்பி யோகநாதன் என்னோடுதான் இருந்தான். ஐம்பத்திரண்டு வயது, கலியாணம் கட்டவில்லை, ஏ.எல். படிக்கிற பிள்ளைகளுக்குப் பௌதிகம் ரியூசன். இளவயதில் லண்டனுக்கு ஆராய்ச்சி செய்யப் போனவன். விசயம் என்னவென்றால், வானத்தில் எங்கோ தொலைவில் திடீரென்று காமாக் கதிர் வெடித்துக்கொண்டு கிளம்பும். சிலது நிமிடக் கணக்கில் நிற்கும். சிலது இரண்டு செக்கனுக்குள் முடிந்துவிடும். இவனுக்கு அந்தக் குட்டை வெடிப்புதான் வேண்டியிருந்தது. அதை எங்கேயென்று தேடுவது? ஆள் தலையைத் திருப்புவதற்குள் அணைந்துவிடும். ஐந்து வருடம் தேடி, ஒன்றின் விலாசம்கூடத் தெரியாமல், பட்டமும் இல்லாமல் வந்து சேர்ந்தான்.

அதற்குப் பிறகு, வயது போன காலத்தில், அமெரிக்காக்காரர்கள் ஒரு தொலைநோக்கியை விண்வெளிக்கு அனுப்பினார்கள். அது எப்படி வேலை செய்கிறதென்று நான் குசினியில் சமைத்துக்கொண்டிருக்கையில் தம்பி எனக்கு விளங்கப்படுத்தியிருக்கிறான். யன்னல் கம்பியின் நிழல் நிலத்தில் எங்கே விழுகிறதென்று பார்த்தால் வெயில் எந்தப் பக்கமென்று சொல்லலாம்தானே? அந்தத் தொலைநோக்கியில் ஈயத் துண்டுகளை இறைத்து ஒட்டிய ஒரு தட்டு இருக்கிறது. கதிர் பட்டதும் துண்டுகளின் நிழல் கீழே விழும். நிழலை வைத்துத் திசையைக் கணக்குப் பார்த்து, ஒருவரையும் கேளாமல் தானே அந்தப் பக்கம் திரும்பி, மிச்சமாய் மினுங்குகிற வெளிச்சத்தைப் பிடித்துவிடும். எல்லாம் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடத்துக்குள். பிடித்ததும் உலகம் முழுக்கச் செய்தி போகும். இந்த விசரன் தன் கைத்தொலைபேசிக்கும் அது வரும்படி எழுதிக் கொடுத்திருந்தான்.

மாதத்துக்கு ஏழெட்டுச் செய்தி வரும். குட்டை வெடிப்பு என்றால் அன்றைக்கு ரியூசன் பிள்ளைகளுக்கு அரை நேரத்தோடு விடுமுறை. நான் திட்டுவேன், அவன் சிரிப்பான். அவ்வளவோடு போயிருக்க வேண்டிய விசயம்.

ஆனால் ஒருநாள் ஒலிபெருக்கி கட்டிய ஜீப் ஒன்று ஒழுங்கைக்குள் வந்து சொல்லிவிட்டுப் போனது: எந்த வெடிப்பைப் பற்றியாவது தகவல் தெரிந்தும் ஒரு மணித்தியாலத்துக்குள் அறிவிக்காதவர் குற்றவாளி. சோதனைச் சாவடிகளில் தொலைபேசியைத் திறந்து செய்திகளை வாசிக்கவும் தொடங்கியிருந்தார்கள். மறுநாள் மத்தியானம் பன்னிரண்டே காலுக்கு, தம்பி முன்னறையில் பிள்ளைகளுக்கு ஊசலை ஆட்டிக் காட்டிக்கொண்டிருக்க, சாப்பாட்டு மேசையில் கிடந்த அவனுடைய தொலைபேசி அதிர்ந்தது. எடுத்து வாசித்தேன். வெடிப்பு. நேரம் பன்னிரண்டு ஏழு. நீளம் 0.4 செக்கன். இடம் இன்னது. பிழை இவ்வளவு.

இதை ஒரு பொலிஸ்காரன் கோல்பேஸ் சாவடியில் வைத்து வாசித்தால் வானம், நட்சத்திரம் என்றால் நம்புவானா? நாங்களே முந்திச் சொல்லிவிட்டால் ஒளித்தோம் என்று ஒருவரும் சொல்ல முடியாதே. தம்பியிடம் கேட்டால் சிரித்துத் தட்டிவிடுவான் என்று கேட்கவுமில்லை. மூன்று பிரதியில் டைப் அடித்தேன், குடையை எடுத்தேன், தொலைபேசியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அட, என்னைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

எங்கள் பகுதிக்குப் பதிவுக் காவல்நிலையம் என்று தற்காலிகமாக ஒன்று திறந்திருந்தார்கள், மூடிக் கிடந்த ஐஸ்கிறீம் கடை ஒன்றில். சுவரில் இரண்டு பென்குவின்கள் கோன் நக்கிக்கொண்டு நின்றன. அவற்றுக்குக் கீழே சார்ஜன்ட் ஹேவாவசம் இருந்தார். கெட்ட மனிதர் இல்லை. என் படிவங்களைப் பார்த்து, “நோனாவின் எழுத்து அச்சு மாதிரி” என்று முன்பு பாராட்டியவர். நாங்கள் சிங்களத்தில்தான் கதைத்தோம்: நான் அவருக்கு நோனா, அதாவது அம்மா; அவர் எனக்கு மாத்தயா, அதாவது ஐயா.

“எத்தனை பேர் செத்தது?” என்று கேட்டார்.

“ஒருத்தரும் இல்லை மாத்தயா. இரண்டு நட்சத்திரம் மோதினது. அதுகளும் ஏற்கெனவே செத்துப்போன நட்சத்திரங்கள்.”

“எப்போது நடந்தது?”

நான் உண்மையைச் சொல்கிறவள். “முந்நூறு கோடி வருடத்துக்கு முன்,” என்றேன்.

அவர் பேனையைக் கீழே வைத்தார். “அப்படியென்றால் இவ்வளவு நாளும் ஏன் அறிவிக்கவில்லை?”

“எங்களுக்கு இன்றைக்குத்தானே செய்தி வந்தது!”

ஒரு மணித்தியாலத்துக்குள் அறிவித்திருக்கிறேன் என்பதைத் தன் மணிக்கூட்டில் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டார். பிறகு முறைப்பாட்டுப் புத்தகத்தைத் திறந்து எழுதத் தொடங்கினார். பக்க எண் அச்சடித்த புத்தகம் அது. எழுதினால் கிழிக்க முடியாது, வெட்ட முடியாது. எழுதி முடித்துத் தலையை நிமிர்த்தி ஒரு கேள்வி கேட்டார். “கொழும்பில் ஒரு குண்டு வெடித்தால் எங்கே, எப்படி என்று கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று நாள் ஆகிறது. நோனாவின் தம்பிக்கு எட்டு நிமிடத்தில் எப்படித் தெரியும்?”

நிழல், ஈயத்தட்டு, குசினி யன்னல் என்று உளறினேன். ஒன்றரை மணிக்குத் தம்பியைக் கொண்டுவந்தார்கள். கையில் வெண்கட்டித் தூள் அப்படியே இருந்தது. என்னைக் கண்டதும், “அக்கா, உங்களையும் பிடிச்சிட்டாங்களே?” என்று பதறினான். நானே வந்தேன் என்று அந்த நேரம் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

அங்கே வைத்திருக்கப்பட்டவர்களை ஒவ்வொரு நாளும் ஆறு மணிக்கு ஒரு லொறி வந்து தெற்கே ஒரு முகாமுக்கு ஏற்றிக்கொண்டு போகும். எங்கள் ஒழுங்கையில் அப்படிப் போன இரண்டு பேரில் ஒருவர் எட்டு மாதத்துக்குப் பிறகு வந்தார், மற்றவர் இன்னும் வரவில்லை. பதிவை மூடினால்தான் தம்பியை விடுவார்கள். படிவத்தில் எல்லாக் கட்டமும் நிரம்பினால்தான் பதிவை மூடுவார்கள். ஒரு கட்டம் வெறுமையாக நின்றது. சம்பவ இடம்: மாவட்டம், பிரிவு.

“வானம் என்று எழுதுங்கோ,” என்றேன்.

“வானத்துக்குப் பிரிவு இல்லை,” என்றார் சார்ஜன்ட். உண்மையாகவே கவலைப்பட்டார், பாவம்.

அப்போது என் தம்பி வாயைத் திறந்தான். ஒரு கணக்கைக் கண்டால் அவனுக்குச் சாவு வீடும் தெரியாது, கலியாண வீடும் தெரியாது. “வெடிச்ச நேரத்திலை அந்த இடம் எந்த ஊருக்கு நேர் உச்சியிலை நிண்டதெண்டு பாக்கலாம்,” என்றான்.

“பொத்தடா வாயை!” என்று தமிழில் கத்தினேன். கேட்டால்தானே. என்னுடைய மூன்றாம் பிரதியின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டு முடித்து, கொள்ளுப்பிட்டிக்கு நேர் மேலே என்றான். சார்ஜன்டின் முகம் மலர்ந்தது. கொள்ளுப்பிட்டி என்றால் வேறு பிரிவு, அவருடைய தலையிடி இல்லை.

“ஆனால் ஐந்தரைக் கிலோமீற்றர் கூடக்குறைய இருக்கும்,” என்று சேர்த்தான் தம்பி. “வெள்ளவத்தையும் அதுக்குள்ளை வருது.”

பிழை எவ்வளவென்று சொல்லாமல் அவனுக்கு நித்திரை வராது. அது எங்கள் குடும்ப வியாதி.

சார்ஜன்ட் மறுபடியும் சோர்ந்து போனார். நாங்கள் மூன்று பேரும் பென்குவின்களைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். இரண்டரை மணிக்கு, சான்றுப்பொருள் என்று அவர் மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிய தொலைபேசி மறுபடி அதிர்ந்தது. சார்ஜன்ட் அதை எடுத்துக் காட்ட, வாசித்த தம்பி கதிரையிலிருந்து துள்ளி எழும்பி, “பிடிச்சிட்டாங்கள்! மிச்ச வெளிச்சத்தைப் பிடிச்சிட்டாங்கள்!” என்று கூவினான். வாசலில் நின்ற கான்ஸ்டபிள் துவக்கைத் தூக்கிவிட்டான். எனக்கு உயிர் போய் வந்தது. அவனோ அழுதுகொண்டிருந்தான். முப்பது வருடத்துக்கு முன் அவன் தேடிக் கிடைக்காத விலாசம் அது. அவனுடைய சந்தோசத்தைப் பார்த்து எனக்கும் அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது.

இரண்டாவது செய்தியில் பிழை நன்றாகச் சுருங்கியிருந்தது. தம்பி மறுபடி கணக்குப் போட்டான். “ஜிந்துப்பிட்டி. முருகன் கோயிலடி. நூற்றிருபத்தைந்து மீற்றர் கூடக்குறைய.”

வெள்ளவத்தை தப்பியது. சார்ஜன்ட் ஹேவாவசம் எழும்பி நின்று அவனுக்குக் கை கொடுத்தார். பிறகு புத்தகத்தில் பார்த்துக் கடிதம் ஒன்று எழுதி, தொலைபேசியையும் உறையிலிட்டு, எங்கள் இருவரையும் ஜீப்பில் ஏற்றிக் கொழும்பின் வடபக்கத்துக்கு அனுப்பிவிட்டார்.

ஜிந்துப்பிட்டிக்குப் பொறுப்பான கொட்டாஞ்சேனைப் பதிவுக் காவல்நிலையம் பழைய சோடாக் கொம்பனி ஒன்றின் களஞ்சியத்தில் இருந்தது. நாலு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். இன்ஸ்பெக்டர் அல்கம கடிதத்தை வாசித்துவிட்டு, காத்திருங்கள் என்றார். சோடாப் பெட்டிகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள், அதில் இருந்தோம். பக்கத்துப் பெட்டியில் ஒரு பெண். என் வயதிருக்கும், காலில் செருப்பில்லை, மடியில் ஒரு படம் வைத்திருந்தாள். பெயர் பழனியம்மா. பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து ஜிந்துப்பிட்டியில் இருப்பவள், கொள்ளுப்பிட்டியில் ஒரு கம்பனிக் கந்தோரைக் கூட்டித் துடைக்கிறாளாம்.

“எம் மவன் அழகர்,” என்று படத்தைக் காட்டினாள். “நாப்பத்தோரு நாளாச்சும்மா. சலூனுக்குப் போறேன்னு போன புள்ள. வேன்ல ஏத்திட்டாங்கன்னு சொல்றாங்க. தெனம் வாரேன். எழுதிக்க மாட்டேங்குறாரு.”

“ஏன் எழுதேல்லை?” என்று தம்பி கேட்டான்.

“எந்த எடம், எத்தன மணின்னு கேக்குறாரு. நான் வேலையில இருந்தேன், எனக்கு எப்பிடிய்யா தெரியும்? எடமும் மணியும் இல்லாம எதுல எழுதுறதுன்னு வெரட்டுறாரு.”

ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அங்கே இருந்தோம். எனக்குக் கண் முழுக்கச் சுவர்க் கடிகாரத்தில். லொறி இங்கேயும் ஆறு மணிக்குத்தான் வரும். தம்பியோ அந்தப் பெண்ணைப் போட்டுத் துளைத்துக்கொண்டிருந்தான். கடைசியாக மகனைக் கண்டது யார்? பூக்காரி மயிலம்மா. எப்போது? கோயிலில் பதினொன்றே முக்காலுக்கு உச்சிப் பூசை மணி அடித்து ஓய்ந்த பிறகு. சலூனுக்கு வந்தானா? வரவில்லை. சலூன்காரன் வேன் கதவு அடிபட்ட சத்தம் கேட்டானா? கேட்டான். அப்போது ரேடியோவில் பன்னிரண்டு மணிச் செய்தி தொடங்கிவிட்டதா? இல்லை, பாட்டுத்தான் போனது. பூக்கடையிலிருந்து சலூன் எத்தனை அடி? என்னுடைய மூன்றாம் பிரதியில் மிஞ்சியிருந்த இடத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான். உனக்கு வந்திருக்கிற கரைச்சல் காணாதோ என்று அவன் தொடையில் கிள்ளினேன்.

ஐந்தே காலுக்கு இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார். படித்த மனிதர், குரல் உயர்த்தாதவர். அதுதான் எனக்குக் கூடப் பயமாக இருந்தது. “ஜிந்துப்பிட்டிக்கு மேலே எவ்வளவு நேரம் நின்றது?” என்று மட்டும் கேட்டார்.

“0.4 செக்கன். பூமி சுத்திறதாலை அது மேற்குப் பக்கம் நகர்ந்திருக்கும். இரண்டு மூண்டு செக்கனிலை துறைமுகம். பேந்து கடல்.”

“தொலைபேசிக்குச் செய்தி வந்த நேரத்தில்?”

“நல்லாய்க் கடலுக்குள்ளை. இருநூறு கிலோமீற்றர் தாண்டி.”

இன்ஸ்பெக்டர் அல்கம முதல் தடவையாகப் புன்னகைத்தார். புத்தகத்தைத் திறந்து அழகாக எழுதினார். முறைப்பாடு 217. வெடிப்பு. ஜிந்துப்பிட்டி, 125 மீற்றர் கூடக்குறைய. கடல் மார்க்கமாகப் பிரிவை விட்டு நீங்கியது. இறந்தோர் இல்லை. சந்தேக நபர் இல்லை. மேல் நடவடிக்கை கடற்படைக்குரியது. முறைப்பாட்டுக்காரி கையொப்பமிட்டால் மூடலாம்.

அப்போதுதான் தம்பிக்கு விளங்கியது. “முறைப்பாட்டுக்காரி ஆரக்கா?” என்றான். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு கையெழுத்து வைத்தேன். அவன் என் குடையை எடுத்து என் கையில் தந்தான். ஏசியிருந்தாலாவது ஆறியிருப்பேன்.

ஐந்து நாற்பது. தொலைபேசியைத் திருப்பித் தந்தார்கள். தம்பியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். வெளியே லொறி வந்து நின்று இரைந்துகொண்டிருந்தது. முருகா, வீடு போய்ச் சேர்ந்தால் காணும் என்று காலை வைத்தேன், கை வரவில்லை. திரும்பிப் பார்த்தால் தம்பி நின்றுவிட்டான்.

“அக்கா, அந்த அம்மாவின்ரை முறைப்பாடு ஒண்டு இருக்கு,” என்றான்.

“உனக்கென்ன விசரே? லொறி நிக்குதடா!”

“எழுதித் தந்திட்டு வாங்கோ. எனக்கு உங்கடை மாதிரி எழுத வராது.”

இப்படி ஒரு அறுவானை எந்த வயிறு பெற்றது என்று அந்த இடத்தில் நின்று பேசினேன். எங்கள் அம்மாவைத்தான் பேசினேன், அவ மன்னிக்க வேண்டும். வாசலுக்கு அந்தப் பக்கம் பேருந்து போய்க்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் பழனியம்மா பெட்டியிலிருந்து எழும்பி நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கூப்பிடவில்லை. வா என்று கூப்பிட்டிருந்தால் நான் போயிருக்கமாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். இன்றைக்கு அவனை அந்தப் பெட்டியில் இருத்தியது என் கை. அந்தக் கைக்குப் படிவம் நிரப்ப மட்டும் நன்றாகத் தெரியும். தம்பி கணக்கு எழுதிய மூன்றாம் பிரதியை வாங்கிக்கொண்டு திரும்பிப் போய், இன்ஸ்பெக்டரின் மேசைக்கு முன்னால் இருந்து, ஒரு வெள்ளைப் படிவம் கேட்டேன்.

“இன்னும் என்ன?” என்றார்.

“காணாமற்போனவர் ஒருவர். இடம்: பூக்கடைக்கும் சலூனுக்கும் நடுவில், பதினைந்து மீற்றர் கூடக்குறைய. நேரம்: பதினொன்று ஐம்பத்திரண்டு, எட்டு நிமிடம் கூடக்குறைய.”

“கூடக்குறைய என்று புத்தகத்தில் எழுத முடியாது, நோனா.”

நான் விரலை நீட்டி மேல் வரியைக் காட்டினேன். மை காயாமல் இருந்தது, அவருடைய சொந்தக் கையெழுத்து. முந்நூறு கோடி வருடத்துக்கு அப்பால் நடந்ததற்கு நூற்றிருபத்தைந்து மீற்றர் ஏற்றுக்கொண்டவர். இது நாற்பத்தொரு நாள்தான், பதினைந்து மீற்றர்தான்.

அவர் அந்த வரியை வாசித்துப் பார்த்தார். லொறியின் ஹோர்ன் இரண்டு முறை அடித்தது.

“பூக்காரி வந்து சொல்லமாட்டாள். சலூன்காரனும் வரமாட்டான். தகவல் தந்தவர் என்று யார் கையெழுத்து வைக்கிறது?” என்று மெதுவாகக் கேட்டார். “விலாசத்தோடு.”

வெள்ளவத்தையில் எந்தத் தமிழ்ச் சனமும் அந்தக் கட்டத்தில் தன் பெயரை எழுதாது. பதினேழு வீட்டுக்கும் அப்படித்தான் நான் புத்தி சொல்லியிருக்கிறேன். தெரியாது, பார்க்கவில்லை, கேட்கவில்லை என்று போடுங்கோ என்பேன். பேனையை எடுத்தேன். எழுத்து அச்சு மாதிரி வரவில்லை. சிவக்கொழுந்து என்று எழுதி, ஒழுங்கை எண், வீட்டு எண் எல்லாம் எழுதினேன். ஒரு கட்டமும் வெறுமையாக விடவில்லை. தம்பி குனிந்து எனக்குக் கீழே தன் பெயரையும் எழுதினான்.

முறைப்பாடு 218. இன்ஸ்பெக்டர் இலக்கத்தை ஒரு துண்டில் எழுதிக் கிழித்துத் தந்தார். ஆறு மணிக்கு லொறி வேறு நாலு பேரை ஏற்றிக்கொண்டு போனது.

தெருவில் பழனியம்மா அந்தத் துண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எங்களோடு பஸ் தரிப்பு வரைக்கும் நடந்து வந்தாள். எழுத்து வாசிக்கத் தெரியாது என்றாலும் அடிக்கடி பார்த்தாள். பிறகு அதை மடித்து முந்தானையில் முடிந்தாள்.

“ஐயா,” என்று தம்பியைக் கேட்டாள். “மேல வெடிச்சது எங்கன்னு ஒடனே கண்டுபுடிச்சுட்டாங்கன்னு உள்ள பேசிக்கிட்டாங்க. இப்ப எம் மவன எழுதியாச்சு. இதுக்கு எம்புட்டு நாளாகும்?”

எந்தக் கேள்விக்கும் ஒரு இலக்கமும் அதற்கொரு பிழையும் சொல்லுகிறவன் அவன். வாயைத் திறந்தான். “தெரியாதம்மா,” என்றான்.

“கூடக்குறையவாச்சும் சொல்லுங்கய்யா,” என்றாள்.

தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். வெள்ளவத்தை பஸ் வந்து நின்றது. நாங்கள் ஏறவில்லை.